சேரங்கோட்டுக்கு மூணு நாள்

மலை ரோட்டில் லாரி ஓட்டும் நமக்கு, கொண்டை ஊசி வளைவைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் வயிறுதான் பெரிய கவலை. சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்களை மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஏற்றி எஸ்டேட்டுகளில் இறக்கும் வேலை அந்த வருஷங்களில் எனக்கு. எத்தனையோ நடை போயிருக்கிறேன். ஆறு குடும்பங்களோடு சேரங்கோட்டுக்குப் போன நடையை மட்டும், ஸ்டீயரிங் பிடித்த யாரைக் கண்டாலும் சொல்லிவிடுவேன்.

எலுமிச்சம்பழம்

கப்பல், ரயில், முகாம், மறுபடி ரயில் என்று அலைந்து வந்தவர்கள். பர்லியாரில் வண்டியை ஓரங்கட்டி, குமட்டலுக்கு முகர்ந்துகொள்ள ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

முன்சீட்டில் என்னோடு இருந்தவர் ராமையா. நாற்பது வயசிருக்கும். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எஸ்டேட் ஆபீசில் பேர் பதியாவிட்டால் வேலையும் லயத்து வரிசை வீடும் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதிய காகிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத என்னைப் பார்த்து அவர் சொன்னார்: "நாங்க பொறந்ததே மலையிலதாங்க. பழத்த நீங்க வச்சுக்கங்க, ஒங்க மூஞ்சிதான் வெளுத்துக் கெடக்கு."

களியும் ரொட்டியும்

ஊட்டியைத் தாண்டியதும் பேய்மழை. முன்னால் மண் சரிந்து, ஒரு மரமும் ரோட்டின் குறுக்கே கிடந்தது. திரும்பலாமென்றால் பின்னாலும் மண் சரிந்துவிட்டது. குடை பிடித்துக்கொண்டு போஜன் என்ற படுகர் வந்தார். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், விவசாயம். ஒன்றும் விசாரிக்காமல் எல்லோரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

ராகிக் களியும் அவரைக் குழம்பும் கொடுத்தார்கள். நம் ஆட்கள் களியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். அடுத்த வேளைக்கு ராமையாவின் மனைவி பார்வதி, மூட்டையிலிருந்த கோதுமை மாவில் ரொட்டி தட்டி, மிளகாய்ச் சம்பல் அரைத்து வைத்தாள். ஒரு வாய் வைத்த போஜனின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இப்படித் தின்னா உங்களுக்குக் குளிர் எப்படிங்க தெரியும்?"

கவ்வாத்து

செவ்வாய்க்கிழமையும் மழை விடவில்லை. உருளைக்கிழங்கு போட்ட நிலத்தில் போஜன் நாலு வருஷம் முன்பு முதல்முறையாகத் தேயிலை வைத்திருந்தார். வெட்டாமல் விட்ட செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. ராமையா, "கொஞ்சம் வெட்டிவிடட்டுங்களா?" என்றார். போஜன் தலையசைத்துவிட்டு மாடு பார்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது பத்து வரிசையில் ஏழு வரிசை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. தேயிலைச் செடியைக் கழிக்க சிலோனிலிருந்து கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தி கையில், நடுவில் ராமையா. போஜன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உண்ட வீட்டில் இப்படிச் செய்துவிட்டோமே!

ராமையா பதறவில்லை. பட்டையை நகத்தால் கீறிப் பச்சையைக் காட்டினார். எந்தக் கணுவில் துளிர் வரும், எத்தனை மாசத்தில் கொழுந்து எடுக்கலாம் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். போஜன் எழுந்து வந்து கணுவைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்த மூணு வரிசைய மட்டும் எதுக்குங்க விட்டுட்டீங்க?"

பூட்டு

புதன்கிழமை விடிந்தபோது மழை நின்றிருந்தது. ராமையா லாரியில் கிடந்த மண்வெட்டியோடு ரோட்டில் இறங்கினார். ஹட்டியிலிருந்து போஜன் ரம்பத்தோடு ஆட்களைக் கூட்டி வந்தார். பெண்கள் வரிசையாக நின்று மண் கூடைகளைக் கைமாற்றினார்கள். பத்து மணிக்கு ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் கிடைத்தது. எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, பள்ளத்தை ஒட்டி நான் லாரியை நகர்த்தினேன். அதற்குள் பின்பக்கச் சரிவையும் எடுத்துவிட்டார்கள் போல. ஊட்டியிலிருந்து வந்த வண்டிகள், ஒரு பஸ் உட்பட, எங்களுக்குப் பின்னால் நின்றன.

சேரங்கோடு ஆபீசை அடைந்தபோது மணி மூன்று. கதவில் பூட்டு. ராமையா காகிதத்தை எடுத்துப் பார்த்தார், மடித்தார், டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பார்வதி பக்கத்தில் போய் நின்றாள்.

அரை மணி கழித்து, பஸ்ஸிலிருந்து முழங்கால்வரை சேறோடு ஒருவர் இறங்கி வந்து சாவியை எடுத்தார். ஆபீஸ் கிளார்க். லீவு முடிந்து ஊட்டியிலிருந்து வருகிறார். ராமையா காகிதத்தை நீட்டி, நேரமாகிவிட்டது என்றார். கிளார்க் அவர் முகத்தைப் பார்த்தார், லாரியில் சேறோடு கிடந்த மண்வெட்டியைப் பார்த்தார். "நீங்க வழி விட்டப்புறந்தானுங்க எங்க பஸ்ஸே நகந்துது. உள்ள வாங்க. நான் வராம இங்க பன்னெண்டு மணி எப்படிங்க ஆகும்?"

டிரிப் ஷீட்டில் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'மழை' என்று எழுதிக் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் எழுத நம் தொழிலில் கட்டமே கிடையாது.