ஏழு பித்தளை வில்லைகள்

சாவியை அரத்தால் ராவி முடித்ததும் ஊதுவார். ஊதியதைக் கீழுதட்டில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிசிறு இருந்தால் உதடு சொல்லிவிடும். கண்ணை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. மூக்குக்கண்ணாடியைச் சுத்தமாக நம்புவதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மழையில் நனைய வேண்டிய அகலத்தில் கடை. தெருவுக்கே அவர் பூட்டுக்காரர்.

வீட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் சைக்கிளில் வந்து இறங்குவார். "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க" என்பார். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கே முதுகைக் காட்டி நிற்பார்கள். இவர் திரை போட்டதுபோல் முதுகை விரித்துக் குனிவார். தோள் ஒருமுறை அசையும். "திறந்துடுச்சு." 'திறந்துட்டேன்' என்று அவர் சொல்லி எவரும் கேட்டதில்லை, அவ்வளவு அடக்கம். அந்த அடக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் குறையாமல் சொல்வார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த வீட்டுக்கு எந்தப் பூட்டு போட்டார் என்பது இன்றைக்கும் விரல் நுனியில். "மறந்துட்டேங்கிற வார்த்தை நம்ம வாயில வராதுங்க."

"கல்யாண நாளைத் தவிர" என்பார் அவர் மனைவி, உள்ளே பருப்பு பொறுக்கிக்கொண்டே.

"அது மறதி இல்ல. அன்னிக்கு வேலை."

அந்த அம்மாள்தான் போன வருஷம் மாடிப்படியில் ஐந்தாவது படியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். இதய வால்வில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியிலோ பதிவு, டாக்டர் நேரம், ரிப்போர்ட் எல்லாமே இணையதளம் வழியாகத்தான். கடவுச்சொல்லில் எண் வேண்டும், குறி வேண்டும், எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. "எட்டு லீவர் பூட்டுக்கே இவ்வளவு பிகு கிடையாது" என்று முனகியபடி ஒன்றைப் போட்டார். எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் சாவியின் பல்வெட்டை எங்கேயாவது எழுதி வைப்பது அவர் தொழிலில் மகாபாவம்.

அடுத்த மாதம் மூன்று முறை தவறாகத் தட்டினார். 'உங்கள் கணக்கு பூட்டப்பட்டது' என்று வந்தது. செய்தி யாருக்கு வந்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று ஒரு வரி. ஒரு தட்டு தட்டினால் போதும். தட்டவில்லை.

"மறந்துட்டேன்னு நான் எழுதிக் குடுக்கணுமாம். சிக்கின பூட்டோட மல்லுக்கட்டக் கூடாதுங்க. கழட்டிட்டுப் புதுசு போட்டுடணும்."

பக்கத்திலிருந்த 'புதிய நோயாளியா?' என்பதைத் தட்டினார். இப்படியே எட்டு மாதத்தில் அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் ஏழு முறை பிறந்தார். ஒரே ஆள் எத்தனை தடவை பிறந்தாலும் சந்தேகப்படாத தாராள மனசு அந்த இணையதளத்துக்கு. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒரு பதிவு எண் வரும். புதுப் பூட்டுக்குச் செய்வதுபோலவே, அதைப் பித்தளை வில்லையில் அச்சால் தட்டி வளையத்தில் கோத்துவிடுவார். கேட்டால், "எண்ணு வேற, சாவி வேற. எண்ணு வெறும் வீட்டு விலாசம்."

ரத்தப் பரிசோதனை மூன்றாவது அம்மாள் பேரில் இருந்தது, ஸ்கேன் ஐந்தாவது அம்மாள் பேரில். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது இரண்டாவது அம்மாளுக்கு மட்டுமே தெரியும். ஏழாவது அம்மாளுக்கு ஒரு நோயும் இல்லை.

"எனக்கு அந்த ஏழாவது பொம்பளையா இருந்துட்டா தேவலைன்னு இருக்குங்க" என்றார் மனைவி.

பிறகு செல்போனில் ஒரு செய்தி வந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் வியாழக்கிழமை பார்ப்பார்; புதன் ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் எல்லாம் ஒரே கோப்பில் சேராவிட்டால் அந்த நேரம் ரத்து. அடுத்தது நான்கு மாதம் கழித்து. அம்மாள் இப்போது மூன்றாவது படியிலேயே நிற்கிறார்.

புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு மனைவியுடன் போய் நின்றார். பதிவு கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஐயா, இதே பேரு, இதே பிறந்த தேதில ஏழு பேர் இருக்காங்க."

"ஏழும் இவதாம்மா."

"ஏழு நம்பரையும் நீங்களே குடுத்தாத்தான் சேர்க்க முடியும். இங்க வர்றவங்க ஒரு நம்பரே கொண்டுவர மாட்டாங்க."

வளையத்தைக் கவுன்டர் மேல் வைத்தார். வைத்த சத்தத்தில் வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு வில்லையாகப் புரட்டித் தட்டச்சு செய்தார். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

"மூணு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லைங்கய்யா."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. வீட்டம்மாவுக்குக் காது மந்தம்."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வால்வுதான்" என்றார் வீட்டம்மா.

"எல்லாத்தையும் உங்க முதல் நம்பர்ல சேர்த்தாச்சு. நீங்க போன்ல உள்ள போய் 'சம்மதம்' குடுத்துட்டா நாளைக்கு டாக்டர் உறுதி. பாஸ்வேர்டு இருக்குல்ல?"

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. பூட்டுக்காரர் போனை எடுத்துக் கீழே இருந்த 'மறந்துவிட்டதா?' என்ற பொடி எழுத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வாசலில் ஏறி வந்த மூன்று படிக்கு வாங்கிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் பாரும்மா" என்றார்.

எந்த அம்மாவைச் சொன்னார் என்று தெரியாததால் இரண்டு பேருமே திரும்பிக்கொண்டார்கள். கவுன்டர் பெண் அச்சு இயந்திரத்தைப் பார்த்தார். மனைவி, கை கழுவும் முறையை விளக்கும் சுவரொட்டியை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார். பூட்டுக்காரர் முதுகை விரித்துக்கொண்டு குனிந்தார். தோள் ஒருமுறை அசைந்தது.