விலாங்குக்கு ஒரு பங்கர்

நண்டு வலையில் உயிரோடு வந்த கடல் விலாங்கை அயல் வீட்டு அண்ணை கொல்லப் போனார். நான் கேட்டு வாங்கினேன். மீன் வளர்ப்புப் பயிற்சி முடித்திருந்த எனக்கு, அதை வளர்த்துக் காட்டவேண்டும் என்ற பிடிவாதம்.

முற்றத்துச் சீமெந்துத் தொட்டியை உரஞ்சிக் கழுவினேன். காலையும் மாலையும் சைக்கிளில் கடல்நீர் கொண்டுவந்து மாற்றினேன். பாய்ந்து வெளியேறாமல் மேலே வலை கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் சரி போட்டேன். ஆனால் தடியில் குத்தி இறாலை நீட்டினால், விலாங்கு மூலையில் ஒடுங்கியது. ஐந்து நாளாக ஒன்றும் தின்னவில்லை. நானும் விடாமல் நாளுக்கு ஆறு தரம் நீட்டினேன். அது மெலிந்துகொண்டே போனது.

ஆறாம் நாள் குண்டு போட வரும் பொம்மர் வானில் இரைய, பங்கர் என்று நாங்கள் சொல்லும் பதுங்குகுழிக்குள் ஓடினோம். காலையில் சாப்பிட மறுத்த தங்கச்சி அங்கே குந்தியிருந்து ரொட்டியைக் கடித்தாள்.

"மேல குடுத்தா வேண்டாம், இங்கதான் இறங்குதோ?" என்றேன்.

"மேல ஒரு கண் வானத்திலயெல்லோ இருக்குது, எப்பிடி இறங்கும்? உங்கட விலாங்குக்கும் ஒரு பங்கர் வெட்டிக் குடுங்கோ அக்கா. மறைப்பில்லாத வெட்டையில விட்டுட்டு, தின் தின் எண்டா?"

பொம்மர் போனதும், வாய் உடைந்த மண்குடமொன்றைத் தொட்டிக்குள் சரித்து வைத்தேன். விலாங்கு உடனே உள்ளே நுழைந்தது. மறுநாள் மாலை தலையை மட்டும் நீட்டி, தடியோடு இறாலை இழுத்தது.

நாங்களே குழிக்குள் ஒளித்து உயிர் காத்த காலம் அது. என் கொப்பியில் நீர், உப்பு, தீன் எல்லாம் இருந்தன. ஒளிக்க ஓர் இடம் என்று எழுத மட்டும் எனக்குத் தோன்றவில்லை.