தொட்டிக் கடலுக்கு நல்ல தண்ணீர்

ஈரச் சாக்கைப் பிரித்துச் சித்தப்பா அந்தக் கல்லைக் கண்ணாடித் தொட்டிக்குள் இறக்கியதும், அலை புகுந்த அன்று வீட்டுக்குள் அடித்த அதே சேற்று வாடை மறுபடி எழும்பியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாமி படத்துப் பக்கம் திரும்பிவிட்டாள்.

சுனாமிக்கு அடுத்து வந்த பங்குனி மாதம் அது. அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார்கள். கடற்கரைக்கு விளையாடப் போன என் தம்பியை அலை கொண்டுபோயிருந்தது, உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்ய விடமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். "புள்ள அலைஞ்சிக்கினு இருக்குமேடி," என்று அப்பா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

புதுச்சேரியில் 'கலர் மீன்' கடையில் வேலை பார்த்த சித்தப்பாதான், கடல் என்றாலே நடுங்கிய எனக்காகத் தொட்டியும், காற்று விடும் மோட்டாரும், யாருடைய வலையிலோ சிக்கியதென்று அந்தக் கல்லும் கொண்டுவந்தார். "பாரும்மா, கடலு எவ்ளோ சின்னதாயிடுச்சி! இனிமே அதுதான் உன்னப் பார்த்து பயப்படணும்."

கல் என்று நினைத்தது ஒரு ஊராக இருந்தது. துளைகளிலிருந்து பூப்போல விரியும் புழுக்கள் என் நிழல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டன. குடல் தெரியும் கண்ணாடி இறால் ஒன்று, கைகளை மட்டும் வெளியே நீட்டித் துழாவும் நட்சத்திர மீன் ஒன்று, சங்கைச் சுமந்து திரியும் நண்டு ஒன்று. முதலில் எட்டிப் பார்க்காத அம்மா, போகப் போக, விளக்கேற்றி முடித்ததும் தொட்டி முன்னால் வந்து உட்காரத் தொடங்கினாள்.

"ஏங்க, இதுங்க சின்னவனப் பார்த்திருக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள். பிறகு மெதுவாக, "தின்னிருக்குமா?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அன்றைக்கும் மறக்காமல் அவற்றுக்குக் கருவாட்டுத் துணுக்கைக் கிள்ளிப் போட்டாள்.

கத்திரி வெயிலில் தொட்டி வற்ற வற்ற, அப்பா சைக்கிளில் குடம் கட்டிக் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். நல்ல தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. விளைந்த உப்பை ஒரே மழை கரைத்துவிடும் என்று வானம் இருட்டினாலே பதறும் பிழைப்பு எங்களுடையது. கோடை மழையில் கூரை ஒழுகியபோது, அரிசி மூட்டையை நனையவிட்டு அம்மா தார்ப்பாயைத் தொட்டி மேல்தான் போர்த்தினாள்.

அப்படியும் செத்தன. புழுக்கள் விரியவில்லை. இறால் வெளுத்துக் கவிழ்ந்து கிடந்தது. நட்சத்திரத்தின் கைகள் உதிர்ந்தன. நண்டு மட்டும் சங்குக்குள் ஒடுங்கிக் கிடந்தது. "இதுங்களயும் காப்பாத்த முடியலயே, மாரியாத்தா," என்று அம்மா சோற்றைத் தள்ளிவைத்தாள்.

சித்தப்பா வந்தார், தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "இன்னா அண்ணி, ஊட்டுக்குள்ளயே பாத்தி கட்டி வெச்சிருக்கீங்க! இன்னும் கொஞ்சம் விட்டா உப்பு வாரலாம்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வற்றுவது தண்ணீர்தான், உப்பு தங்கிவிடும் என்பதை வைத்தே சோறு தின்ற நாங்கள், அதை வீட்டுக்குள் மறந்துபோயிருந்தோம். வற்றிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னார் சித்தப்பா.

"ஊத்துனா செத்துடும்பா!" என்று அம்மா குறுக்கே நின்றாள்.

"இப்ப மட்டும் இன்னா, குதிச்சிக்கினா இருக்குது?"

கடைசியில் அம்மாவே சொம்பை எடுத்தாள். அம்மனை வேண்டி, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சில நாளில் சங்கு அசைந்தது. முதலில் மீசை, பிறகு கண்கள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்குள்ளயே கெடந்து தண்ணிக்குத் தவிச்சிருக்குது," என்றாள். பிறகு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, "சின்னவனுக்கும் அப்பிடித்தானங்க இருக்கும். அவனுக்கும் ஊத்திடலாம்."

ஆடி அமாவாசையன்று அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டார். அம்மா இடுப்பில் சுமந்துவந்த ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கடலில் சாய்த்தாள்.

இப்போது அம்மாவும் இல்லை. நாங்கள் நின்ற மணலைக் கடல் தின்றுவிட்டது. அங்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். வருஷா வருஷம் அந்தக் கற்களின் மேல் நின்று இருவருக்குமாக நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். அலையைத் தொடும் முன்பே காற்று அதைச் சிதறடித்துவிடுகிறது. போய்ச் சேர்ந்ததா என்று யாரைக் கேட்பது? குடத்தின் அடியில் மிச்சம் வைத்து, இன்னொரு தரம் ஊற்றிவிட்டுத்தான் திரும்புகிறேன்.