அப்பா பின்னிய அறுபது கண்ணிப் போர்வை

எங்கள் தந்தையாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இந்த மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களே, அக்கம்பக்கத்தாரே, அப்பாவோடு வேலை பார்த்த தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மூத்த மகள் என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். "அக்கா, நீயே எழுது. ஆனா கோவமா எழுதாத" என்று தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது இந்தக் குடும்பத்தில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. ஆனால் இதில் நான் கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் ஒருத்திதான் இருக்கிறாள், அது நான்தான்.

அப்பா பிறந்தது குடியாத்தத்தில். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டர்னர் வேலை கற்றுக்கொண்டு, அதாவது லேத் இயந்திரத்தில் இரும்பைக் கடைந்தெடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு பெங்களூருக்கு வந்தார். ஒரு பெரிய தொழிற்சாலையில் சேர்ந்தார். அல்சூரில் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டிலேயே தங்கை இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தார், எங்களையும் படிக்க வைத்தார். தொழிற்சாலை பல மாதம் மூடிக்கிடந்த காலத்தில், தெரிந்தவர்களின் பட்டறைகளில் நின்று வேலை செய்தார். நாங்கள் அதை விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவரும் அப்படியே நினைக்கவிட்டார். பிறகு அதே அல்சூரில் சொந்தமாகச் சின்ன வீடு கட்டினார். கீழே அவரும் அம்மாவும், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் ஓய்வு பெற்றார். அன்று மாலை போட்டு அனுப்பியபோது மேலாளர் ஒருவர், "இவர் அடையாளம் இருக்கும் ஜாபை நாங்கள் திரும்ப அளப்பதே இல்லை" என்று பேசினார். பட்டறையில் ஒவ்வொரு டர்னரும் தான் முடித்த ஜாபில், அதாவது கடைந்தெடுத்த உருப்படியில், தன் எண்ணைக் குத்தி அனுப்ப வேண்டும். தப்பு வந்தால் யார் தப்பு என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்த எண் அப்பாவுக்குத் தன் பெயரைவிடப் பெரிது.

ஓய்வுக்குப் பிறகு பத்து வருடம் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டவில்லை, எந்தக் கதவும் கிறீச்சிடவில்லை. சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனதுதான் பிரச்சினை. மனிதர் அம்மாவின் சமையலறைக்குள் புகுந்து, பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் அடுக்க ஆரம்பித்தார். "ஏங்க, சும்னே உட்காருங்களேன்" என்று கன்னடம் கலந்து அம்மா கெஞ்சாத நாளில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் பாடம் நடத்தும் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த மேரி டீச்சர் எனக்குக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுத்தார். பிரேசர் டவுனில் அவர் வீட்டு சோபாவில் தடிமனான கோடு போட்ட போர்வை ஒன்று கிடக்கும். டிசம்பர் வந்தால் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். டி.வி. பார்க்கும்போது போர்த்திக்கொள்ள அதேபோல ஒன்று பின்னித் தரலாம் என்று ஆரம்பித்தேன். என் பொறுமை நான்கு வரிசை வரைக்கும் வந்தது.

"இதுல என்ன கஷ்டம்? குடு இங்க" என்றார் அப்பா.

"உங்களால முடியாதுப்பா. இது பொம்பளைங்க வேலை."

"கொக்கியால இழுத்து மாட்டறதுல ஆம்பள என்ன, பொம்பள என்ன? குடு."

பெரிய வேலை ஒன்றுமில்லை. முதலில் அறுபது சங்கிலி போட வேண்டும். பிறகு ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஒரு கண்ணி. வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பிக்கொண்டு, அதன் மேலேயே அடுத்த வரிசை. எட்டு வரிசைக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால் கோடு தானாக வந்துவிடும். தடி நூல் இங்கே கிடைக்காததால் சாதாரண உல்லன் நூலை மூன்று இழையாகச் சேர்த்துப் பின்னினோம். அவ்வளவு தடி நூலுக்குக் கடை ஊசி தாங்கவில்லை. அப்பா பொம்மனஹள்ளிக்குப் போய், லேத் வைத்திருந்த பழைய தோழரின் பட்டறையில், விரல் தடிமனுக்கு அலுமினியத்தில் தானே ஓர் ஊசியைக் கடைந்து எடுத்துவந்தார். பளபளவென்று அத்தனை வழுவழுப்பு!

உல்லன் வாங்கச் சிவாஜிநகருக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர், "வீட்டம்மாவுக்கா சார்? அவங்களையே கூட்டிட்டு வந்தா கலர் பார்த்து எடுப்பாங்களே" என்றார்.

"பின்றது நான். போத்திக்கிறதுதான் அவங்க."

"ஆய்த்து சார், ஆய்த்து" என்று கன்னடத்தில் ஆமோதித்துச் சிரித்துக்கொண்டே அவர் மூட்டையை அவிழ்த்தார். அம்மா சொல்லி அனுப்பியபடி அரக்கு, மயில் நீலம், சந்தனம் என்று மூன்று நிறம் எடுத்தோம்.

முதல் இரண்டு கோடு முடிந்ததும் போர்வையைத் தரையில் விரித்தோம். கீழே அகலம், மேலே குறுகல். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "டேப்பர் விழுது" என்றார். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துபோகும் கம்பிக்கு லேத்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. காரணம் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இரும்புக் கம்பியில் இரண்டு முனையும் கழிவு, அதை அளவில் சேர்க்கக்கூடாது என்பது முப்பது வருடப் பழக்கம். அதேபோல ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியைக் கழிவு என்று விட்டுவிட்டிருக்கிறார்! "முனைதாம்ப்பா இதுல முக்கியம். அதை விட்டா எல்லாம் போச்சு" என்று நான் கத்தினேன். அவர் மொத்தத்தையும் பிரித்து உருட்டி, மறுநாள் காலை முதல் சங்கிலியிலிருந்து ஆரம்பித்தார். பிறகு ஒரு வருடம் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் ஓடியது. நாளுக்கு இருபது கண்ணி, அதற்கு மேல் போடமாட்டார். வரிசை முடிந்தால் மறுநாள் காலை சத்தமாக எண்ணுவார். "அறுபது. சரியா இருக்கு."

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து, அப்பா அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போயிருந்தபோது, போர்வையைக் கையில் எடுத்தேன். மேல் வரிசையில் ஐம்பத்தெட்டு கண்ணிதான் இருந்தது. நடுவில் இரண்டைத் தாண்டியிருந்தார். வயதானால் கண் தவறாதா என்று நினைத்து, அந்த வரிசையைப் பிரித்து நானே சரியாகப் பின்னி வைத்துவிட்டேன். மறுநாள் அவர் எண்ணிப் பார்த்து அறுபது என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நான் கெட்டேன். அடுத்த வாரம் ஒருமுறை, அதற்கடுத்த வாரம் இரண்டுமுறை, பிறகு ஒவ்வொரு வரிசையும் என்று ஆகிவிட்டது. அவர் நடக்கப் போவார், நான் பிரிப்பேன். மூன்று மாதம் இப்படியே ஓட்டினேன். அம்மாவுக்குத் தெரியும். "பாவம், தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாரு, நீ பாட்டுக்குப் பண்ணு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கீழே கூப்பிட்டார். தொங்கும் நூல்களைக் கத்தரிக்கப் போர்வையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்.

"பாப்பா, இது யார் போட்டது?"

"நீங்கதாம்ப்பா."

"அப்ப என் அடையாளம் எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும், கடைசிக் கண்ணிக்குப் பின்னால் கறுப்புத் தையல் நூலில் ஒரு சின்ன முடிச்சு போட்டு வைத்திருக்கிறார். பட்டறைப் பழக்கம், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு முடிச்சு வரிசையாக இருந்தது. பிறகு அங்கொன்று காணோம், இங்கொன்று காணோம். கடைசி இரண்டு கோட்டில் ஒரு முடிச்சுகூட இல்லை. நான் பிரித்த வேகத்தில் எல்லாம் உதிர்ந்து போயிருக்கிறது.

மாட்டிக்கொண்டவளுக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஆமா, நான்தான் பண்ணேன்! தப்புத் தப்பா போட்டா நான் என்ன பண்றது? அம்மாவுக்கு நல்லா இருக்கணும்னுதானே பண்ணேன்?" என்று கத்தினேன்.

அப்பா பதிலுக்குக் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

"மார்க்கெட் போயிட்டு வந்து ஒருநாள் நம்ம பஸ் ஸ்டாப்புல இறங்கறேன், வீடு எந்தப் பக்கம்னு தெரியல. இந்த ஊருக்கு வந்து நாப்பது வருஷம் ஆச்சு. ஒரு மணி நேரம் அங்கியே நின்னேன். யார்கிட்டயும் சொல்லல. அதுலருந்து இதை வெச்சுதான் என்னை நானே சோதிச்சுக்கறேன். தினம் எண்றேன், அறுபது வருது. சரி, தலை நல்லாத்தான் இருக்குன்னு தைரியமா இருந்தேன்." போர்வையை ஒருமுறை பார்த்தார். "அந்த அறுபது உன்னோடதா?"

ஆமென்று தலையாட்டினேன். முடிச்சு எந்த வாரம் எத்தனை காணாமல் போனது என்பதை வைத்தே, தனக்கு எப்போது எவ்வளவு தவறியது என்று அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். மூளைக்கான மருத்துவரிடம் அந்த வாரமே போனோம். மறதி நோய் என்றார். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று அவர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். அந்த மூன்று மாதத்தில் அப்பா தன் தம்பியைப் போய்ப் பார்த்திருக்கலாம், வீட்டுப் பத்திரங்களைத் தெளிவாக எடுத்துச் சொல்லியிருக்கலாம், அம்மாவைத் திருப்பதிக்கு ஒருமுறை கூட்டிப்போயிருக்கலாம். தனக்கு நேரம் இருக்கிறது என்று அவரை நம்பவைத்தவள் நான். சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள். அண்ணன் ஏன் கடைசியில் வரவே இல்லை என்று கேட்டீர்களே, நோய் தெரிந்த பிறகு வெளியூர் கிளம்பவே அவர் பயந்தார், இதுதான் காரணம். என்னை மன்னித்துவிடுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அப்பா சொன்னார்: "இனி நீதான் எண்ணணும். தினம் சாயங்காலம் எண்ணி, எவ்வளவு இருக்கோ அதைச் சொல்லு. குறைஞ்சா குறைஞ்சதுன்னு சொல்லு. எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியணும். வீட்ல எல்லாரும் சேர்ந்து சரியா இருக்குன்னா, நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

சரி என்று கையடித்துக் கொடுத்தேன். சொல்வது சுலபம். ஐம்பத்து நாலு என்று சொன்ன அன்று மாடிக்குப் போய் அழுதேன். நாற்பத்து மூன்று என்றபோது அவரே, "பரவால்ல விடு" என்று என்னைத் தேற்றினார். "உனக்கு நெஞ்சு கல்லாடி? அறுபதுன்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்று அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனாலும் நான் மாற்றிச் சொல்லவில்லை, ஒரு வரிசையையும் தொடவில்லை. போர்வை மெல்ல மெல்லக் குறுகியது. நிறம் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல் அரக்கு மட்டும் ஒரு முழ நீளம் ஓடியது. முனையில் ஊசி தொங்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா அதைப் போர்த்திக்கொள்ளத் தொடங்கினார். அவர் ஒரு முனையைப் போர்த்திக்கொண்டிருக்க, அப்பா மறுமுனையைப் பின்னிக்கொண்டிருப்பார். இழவுக்கு வந்த உங்களில் சிலர் சோபாவில் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர் நீ, இதைக் கொஞ்சம் சரிபண்ணி வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டீர்கள். கூடாது.

போன வருடம் ஒரு காலையில், காப்பி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதிகம் கஷ்டப்படவில்லை.

நோயின் நாட்களில் வாரம் தவறாமல் வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்ட பொம்மனஹள்ளித் தோழருக்கும், அப்பா வழி தவறிய இரண்டு முறையும் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்ட ஆட்டோ நிறுத்தத்துத் தம்பிகளுக்கும், மிச்ச நூல் கேட்டபோதெல்லாம் அதே சாயத்தில் தேடிக் கொடுத்த உல்லன் கடைக்காரருக்கும், மேரி டீச்சருக்கும், தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆறு மாதம் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சாயங்காலம் புடவையும் கைப்பையுமாக வந்து கண்ணிகளை எண்ணும் என்னை, தொழிற்சாலையில் ஜாபை அளந்து பார்க்க வரும் அதிகாரி என்று நினைத்துக்கொண்டார். நான் வந்ததும் எழுந்து நிற்க முயல்வார். அப்படி ஒருநாள் எண்ணிவிட்டு, "பத்தொன்பது இருக்கு" என்றேன்.

"எத்தனை வேணும்?"

"அறுபது வேணும். நாப்பத்தொண்ணு குறையுது."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் குனிந்து, "இந்தம்மா யாருன்னு தெரியல. ஆனா இவங்க சொன்னா நம்பலாம்" என்றார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"நம்பலாம் சார்" என்றேன் நான்.