ஐஸ் கடை ஓவசியர் குடித்த தண்ணீர்

ஸெய்னுதீன் 1966ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி கிண்ணியாவில் பிறந்தவர். இது பிறப்புச் சான்றிதழில் உள்ள தகவல். அவரைக் கேட்டால், பெரிய சூறாவளிக்குக் கொஞ்சம் பின்னால் பிறந்ததாகச் சொல்வார். சூறாவளி அடித்தது 1964 டிசம்பர் 23. ஒரு வருடமும் ஐம்பது நாளும் அவருக்குக் கொஞ்சம்.

திருகோணமலை உட்துறைமுகக் கரையில், மீன் சந்தைக்கு இரண்டு கடை தள்ளி, 2002ஆம் ஆண்டு முதல் ஐஸ் கடை வைத்திருக்கிறார். என் வீட்டு வாசலிலிருந்து அவருடைய கடைப் படிக்கு இருபத்திரண்டு மீற்றர். இத்தனை காலமும் அவர் வாயிலிருந்து ஒரு சரியான எண் வந்து நான் கேட்டது ஒரேயொரு விடயத்தில்தான். மற்றபடி, எத்தனை பிள்ளைகள் என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டபோதுகூட, "எல்லாம் பொம்பிளைப் பிள்ளையள், கட்டிக் குடுத்தாச்சு" என்று முடித்துவிட்டார். (மூன்று பேர்.) தூரத்தைக் கேட்டால் ஒரு வெற்றிலை மென்று துப்பும் தூரம் என்பார். யாருடைய வெற்றிலை என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்று முழுவதும் அதைச் சந்தையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் சரியாக எண் சொல்லும் அந்த ஒரு விடயம் கரைவு. கடையிலிருந்து ஏற்றிய ஐஸ் போய்ச் சேருவதற்குள் உருகிக் குறைவதை அவர் கரைவு என்பார். சல்லிக் கிராமத்துக்கு ஐம்பது கிலோ போனால் கரைவு மூன்று கிலோ. ஈச்சிலம்பற்றுக்கு ஒன்பது. இலங்கைத்துறைக்குப் பத்து. தென்மேற்கிலிருந்து சூடாகக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேலும் இரண்டு கூட்டிக்கொள்வார். இதில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. நான் தராசு வைத்து நான்குமுறை சரிபார்த்திருக்கிறேன். நான்குமுறையும் அவர் சொன்னதே சரி.

கடையில் ஒரு பூனை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு, ஐஸ் கொண்டுபோய்த் திரும்பி வந்த வெறும் ரெஜிபோம் பெட்டி ஒன்றுக்குள் உள்ளங்கையளவு குட்டியாகக் கிடந்தது. வளர்ந்தபின் ஐஸ் ஏற்றும் நேரமெல்லாம் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்கிறவர்களை முறைத்துப் பார்த்ததால் சந்தைக்காரர்கள் அதற்கு ஓவசியர் என்று பெயர் வைத்தார்கள். ஸெய்னுதீன் அதை 'அவர்' என்றுதான் சொல்வார். அவருடைய மனைவி பரீனாவும் 'அவர்' என்பார், ஆனால் வேறு தொனியில். மகள்மார் மூவரும் ஊர்விட்டுப் போனபின் ஸெய்னுதீன் தன் காலைப் பேச்சு முழுவதையும் அந்தப் பூனையோடுதான் பேசினார். அது பதில் சொல்லாதது அவருக்கு வசதியாக இருந்தது.

2024 ஜூலை முதல் வாரத்தில் அவர் பேச்சுக் குறைந்தது. படியோரம் பூனைக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டு விடியும்போதெல்லாம் காய்ந்து கிடந்தது. அது சாதாரணத் தட்டு அல்ல. சிறிய கிண்ணத்தில் குடிக்கும்போது மீசை விளிம்பில் முட்டுவது ஓவசியருக்குப் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்து, பரீனாவின் கேக் தட்டை எடுத்து வைத்திருந்தார். குறுக்களவு இருபத்துநான்கு சென்ரிமீற்றர், இரண்டு லீற்றர் கொள்ளும். அது முழுவதும் காலியானால் யாருக்குத்தான் பயம் வராது?

ஜூலை 8, திங்கட்கிழமை, பூனையைப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியர் தர்சிகாவிடம் கொண்டுபோனார். திரும்பி வந்து என் கதிரையின் முன் நின்றார். ஒரு கொப்பியில் தண்ணீர்க் கணக்கு எழுதிக் கொண்டுவரச் சொன்னாராம். கொஞ்சம் குடித்தால் நல்லதாம், கனக்கக் குடித்தால் கூடாதாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு, கனக்க என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அதெல்லாம் டொக்டர் சொன்னவதான் என்றார்.

நான் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். வளர்ந்த பூனைக்கு, உடம்பின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது மில்லிலீற்றர், சாப்பாட்டில் உள்ள தண்ணீரையும் சேர்த்து. நூறைத் தாண்டிக் குடித்தால் சிறுநீரகமோ சீனி வியாதியோ என்று பார்க்க வேண்டும். ஓவசியரின் நிறை 4.2 கிலோ. அப்படியென்றால் அளவு 210. பயப்பட வேண்டிய எல்லை 420.

"சிறுநீரகம் எண்டா, ஐயா?"

நான் தெரிந்ததைச் சொன்னேன். அவர் என் வீட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எட்டு வயசுதானே" என்றார். அவர் ஒரு எண்ணைச் சரியாகச் சொன்னதைக் கேட்டு நான் எழுந்துவிட்டேன்.

செவ்வாய் காலை ஆறரைக்கு என் அளவுச் சாடியால் இரண்டாயிரம் மில்லிலீற்றர் ஊற்றினோம். புதன் காலை ஆறரைக்கு அளந்தோம். மிச்சம் பூச்சியம். இரண்டாயிரத்தையும் நான் கொப்பியில் எழுதினேன். 4.2 கிலோப் பூனை இரண்டு கிலோ தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று நாங்கள் இருவரும் பூனையைச் சுற்றி நடந்து பார்த்தோம். ஸெய்னுதீன் அதைத் தூக்கிக் குலுக்கிக் காதை வைத்துக் கேட்டார். குசினியிலிருந்து வந்த பரீனா தட்டின் பக்கத்தில் குனிந்து, கறுத்த புழுக்கை ஐந்தாறைத் துடைப்பத்தால் காட்டினார்.

"இஞ்ச பாருங்க. குடிச்சவர் கொம்பு வச்ச ஆள்."

கோட்டைப் பக்கத்து மான்கள் விடியற்காலையில் சந்தைக் குப்பைக்கு வருவது எங்களுக்குப் புதிதல்ல. வருகிற வழியில் தாகம் தீர்த்துக்கொண்டு போயிருக்கின்றன. நான் இரண்டாயிரத்தை வெட்டி, பக்கத்தில் 'மான்' என்று எழுதினேன்.

மானுக்கு எட்டாத இடமாகத் தட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். ஓவசியர் பகலெல்லாம் அங்கேதான் படுப்பார். காகம் வராதபடி சுற்றிவரப் பழைய மீன்வலை கட்டி, பூனை நுழையும் அளவுக்கு ஒரு வாசல் விட்டோம். கீழே ஐஸ் உருகி ஓடும் தண்ணீரை அது தொடாது. பாதம் நனைவது அதற்கு அவமானம். ஆகவே கணக்கு இனிச் சுத்தம் என்று நம்பினேன்.

வியாழன் 431. வெள்ளி 427. சனி 433. ஒவ்வொரு நாளும் 420க்கு மேல். நான் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் ஸெய்னுதீன் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். ஐஸ் வாங்க வருகிறவர்களிடம் சிறுநீரகம் பற்றிக் கேட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் வழமையைவிட நீண்ட நேரம் துஆ கேட்டதாகப் பரீனா என்னிடம் முறையிட்டார்.

"எனக்குப் போன வருசம் டெங்கு. ஒரு துண்டுக் கடதாசியில காய்ச்சலை எழுதினாரா இவர்? பூனைக்குக் கொப்பி. எழுத ஒரு ஐயாவும்."

சொல்லிவிட்டு அவரே சூடை மீனை முள் எடுத்துப் பூனைக்கு வைத்தார். அதையும் நிறுத்தோம். ஒரு நாளைக்கு 190 கிராம்.

ஞாயிறு காலை அளவு 429. அதை எழுதிவிட்டுத் தட்டை நிரப்பி இறங்கினால் பூனை இல்லை. பெட்டிகள், கூரை, படகுகள், பக்கத்துக் கடைச் சாக்குகள் எல்லாம் தேடினோம். நோய் கண்ட பூனைகள் சாகும் நேரம் ஒதுங்கிப் போகும் என்று மீன் வெட்டுகிற ஒருவர் சொல்ல, ஸெய்னுதீன் சந்தை நடுவில் நின்று அழுதார். மாலை ஐந்து பத்துக்குச் சல்லியிலிருந்து அருளம்பலத்தின் அழைப்பு வந்தது. அவர் படகுக்காரர், காலையில் ஓட்டோவில் ஐஸ் ஏற்றிப்போனவர்.

"ஸெய்னுதீன், உங்கட ஓவசியர் இஞ்ச இன்ஸ்பெக்சனுக்கு வந்து நிக்கிறார். காயப்போட்ட மீனெல்லாம் பாத்து முடிச்சிட்டார். நாளைக்கு ஐஸுக்கு வரேக்க கொண்டு வாறன்."

வெறும் பெட்டிக்குள் தூங்கியவரை மூடி கட்டி ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

திங்கள் காலை ஆறரைக்குப் பூனை இன்னும் சல்லியில்தான். அன்றைக்கு அளக்க ஒன்றுமில்லை என்று பரீனா சொன்னார். கொப்பியில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது. ஆகவே மாடிக்கு ஏறி அளந்தேன். இருமுறை அளந்தேன். மூன்றாம் முறை அளப்பதற்குள் இருவரும் மேலே வந்துவிட்டார்கள்.

தட்டில் 357 மில்லிலீற்றர் குறைந்திருந்தது.

மூவரும் தட்டைப் பார்த்தோம். வலை அறுபடவில்லை. ஓர் இறகுகூட இல்லை.

"ஐயா," என்றார் பரீனா, "நீங்க குடிக்கேல்லத்தானே?"

கீழே ஈச்சிலம்பற்றுக்குப் போகும் ஐஸை உமி போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். ஸெய்னுதீன் அதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து காற்று வரும் திசையைப் பார்த்தார். சாரத்தைக் காற்று தூக்கியது.

"ஐயா, சல்லிக்கு ஐம்பது கிலோ போனா நாப்பத்தேழுதான் போய்ச் சேரும்."

"ஓம்."

"அந்த மூண்டு கிலோவை ஆரும் தின்னேல்ல."

"ஓம்."

"அப்ப தண்ணிக்கும் கரைவு இருக்கு. நாங்க அதைக் கழிக்கேல்ல."

நான் கையிலிருந்த அளவுச் சாடியைக் கீழே வைத்தேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம், குளக்கட்டில் வைத்த தட்டிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகிப் போகிறது என்று அளந்து எழுதுவதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். அந்த அளவுச் சாடியும் அங்கே பாவித்ததைப் போன்றதுதான். கச்சான் காற்றுக்குக் குறுக்கே, கொதிக்கும் சீமெந்து மாடியில், அகலத் தட்டை வைத்துவிட்டு, காற்று குடித்ததையெல்லாம் நான்கு நாளாகப் பூனையின் பெயரில் எழுதியிருக்கிறேன்.

நான்கு நாள் சராசரி 430. அதில் காற்றின் பங்கு 357. பூனையின் பங்கு 73. இதை நான் வாசித்ததும் ஸெய்னுதீன் பரீனாவின் கையைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரந்தான் என்பதால் நான் அவருடைய சாரத்தைப் பிடித்து இருவரையும் உள்ளே இழுத்தேன். மனுசன் விசராகிட்டார் என்று பரீனா சொன்னார். ஆனால் கையை விடவில்லை.

எட்டு மணிக்கு ஓவசியர் வந்து இறங்கினார். உடம்பெல்லாம் கருவாட்டு மணம். அன்றே ஒரே அளவான இரண்டு தட்டுகளை மாடியில் வைத்தோம். ஒன்றைப் பூனைக்குத் திறந்து, மற்றதைச் சுற்றி வலையை முழுதாக அடைத்தோம். ஒரு நாள் அளவை வைத்து நான் எதையும் உறுதி செய்வதில்லை. செவ்வாய் காலை இரண்டு தட்டுக்கும் வித்தியாசம் 74.

பத்து மணிக்கு ஸெய்னுதீனும் ஓவசியரும் நானுமாக மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வைத்தியரிடம் போனோம். பூனைப் பெட்டி முன்னால் பெற்றோல் தாங்கியின் மேல், நான் பின்னால். டொக்டர் தர்சிகா கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். 'மான்' என்ற இடத்தில் கொப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர் என்று சொல்லி, 190 கிராமுக்கு 142 என்று அவரே ஓரத்தில் எழுதினார். 142உம் 73உம் 215.

"இருநூற்றிப் பத்துத்தானே அளவு," என்றார் ஸெய்னுதீன். "அந்த அஞ்சு?"

டொக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பூனையின் வயிற்றைத் தடவி, வாயைத் திறந்து, ஈறுகளைப் பார்த்தார். நிறையைப் பார்த்தார். 4.2, ஒரு கிராமும் குறையவில்லை.

"அந்த அஞ்சால ஒண்டும் வராது. இரத்தம் எடுக்கவும் தேவையில்லை. உங்கட ஓவசியருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ."

ஸெய்னுதீன் சலாம் சொன்னார், நன்றி சொன்னார், பெட்டியைத் தூக்கினார், போய்விட்டார். மோட்டார் சைக்கிள் கிளம்பிய சத்தம் கேட்டது. நான் கொப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வீதியில் புழுதி மட்டும் இருந்தது.

அங்கிருந்து என் வீட்டுக்கு ஆயிரத்து நூறு மீற்றர். நடந்தேன். அவர் எந்த வழியால் போனார் என்பது சுலபமாகத் தெரிந்தது. தேநீர்க் கடையில் எல்லோரும் எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் திருத்துகிறவர், "பூனை தப்பிட்டுதாம், ஐயா" என்று எனக்குச் செய்தி சொன்னார். தையல் கடையிலும் சொல்லியிருந்தார், பூட்டியிருந்த கடைக் காவலாளியிடமும் சொல்லியிருந்தார்.

அறுநூற்று நாற்பதாவது மீற்றரில் எதிரே அவர் திரும்பி வந்தார். பெட்டி திறந்திருந்தது. ஓவசியர் தாங்கியின் மேல் எழுந்து நின்று வீதியைப் பார்வையிட்டார். ஸெய்னுதீன் என்னருகில் நிறுத்தி, என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, எங்கட ஆளுக்கு ஒண்டுமில்லையாம். டொக்டர் சொல்லிட்டா."

சந்தோசம் என்றேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு, அடுத்த ஆளுக்குச் சொல்லப் போய்விட்டார். மிச்சம் நானூற்று அறுபது மீற்றரையும் நான் நடந்தேன்.