காதால் பார்க்க ஒரு தொடர்

வேதாந்தம் கண்களை இறுக மூடிக்கொண்டு தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் ரிமோட், பக்கத்தில் கோடு போட்ட நீள நோட்டு. திரையில் யாரோ மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்று நிமிடம் ஆயிற்று, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வயலின் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. "ஏறி முடிச்சானா இல்லியா?" என்று முணுமுணுத்தபடி கண்ணைத் திறந்து நோட்டில் எழுதினார்: 'வரிசை எண் 22. எட்டு நிமிடத்தில் ஒன்பது வார்த்தை. நிராகரிக்கப்படுகிறது.'

மயூர் விஹாரில் இரண்டாம் மாடி ஃப்ளாட். காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை, மனைவி குளித்துவிட்டு ரேடியோ கேட்கும் நேரத்தில், படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு அவர் இந்த வேலையில் இறங்குவார். மத்திய அமைச்சகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். எதையும் பரிசீலிக்காமல் மேலே அனுப்பிப் பழக்கமில்லை. இப்போது அவருக்கு மேலிடம் என்று இருப்பது ஒரே ஆள்தான், விஜயலக்ஷ்மி.

விஜயலக்ஷ்மிக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டம் தெரிகிறது, பக்கத்து ஜன்னல் திரையில் இருக்கும் பூ தெரிகிறது, பெட்டிக்குள் இருக்கும் முகம் தெரிவதில்லை. "கதவு நிலை வளைஞ்சாப்பல தெரியறதுன்னா" என்று இரண்டு வருடத்துக்கு முன்பே சொன்னாள். அந்த வருடம் வேதாந்தத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். பிறகு மகள் ரோஹிணிக்குப் பிரசவம். விஜயலக்ஷ்மிக்காக டாக்டரிடம் மூன்று தடவை வாங்கிய தேதி மூன்று தடவையும் தள்ளிப்போயிற்று. ஒரு வீட்டில் யாருடைய கண் முதலில் பார்க்கப்படும் என்பதற்கு எங்கும் எழுதிவைக்காத வரிசை ஒன்று இருக்கிறது. அதை யாரும் மீறுவதில்லை. அம்மாக்கள் அதில் கடைசியில் நிற்பார்கள். நிற்பதாகச் சொல்லக்கூட மாட்டார்கள்.

கீழ் ஃப்ளாட் தட்சிணாமூர்த்தி ஒரு மண்டலம் கோயிலில் விளக்கு ஏற்றச் சொன்னார். "விளக்கு போட்டா விளக்குதான் எரியும். நான் போயிருக்க வேண்டியது டாக்டர்கிட்ட" என்று விஜயலக்ஷ்மி பதில் சொன்னாள். தட்சிணாமூர்த்தி வேதாந்தத்தைப் பார்த்தார். வேதாந்தம் ஜன்னலைப் பார்த்தார்.

மாலை ஏழிலிருந்து எட்டு வரை இருவரும் சேர்ந்து தொடர் பார்ப்பது அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து நடந்து வருவது. பகலில் அவர் நூலகம், வங்கி, பூங்கா என்று சுற்றுவார்; அவள் அவள் வேலையில் இருப்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் ஒரே சோபா, ஒரே கதை, ஒரே வில்லனை இரண்டு பேரும் திட்டுவது. இப்போது பத்தே நிமிடத்தில் "தலை வலிக்கிறது" என்று அவள் எழுந்து போய்விடுகிறாள். சோபாவின் அந்தப் பக்கம் காலியாகிவிடுகிறது. இதுவும் போனால் அப்புறம் ஒரே வீட்டில் தனித்தனியாக இரண்டு பேர் என்று ஆகிவிடும்.

முதலில் அவரே காட்சியைச் சொல்லிப் பார்த்தார். "இப்ப அவன் கதவைத் திறக்கறான்."

"கிறீச்னு கேட்டுதேன்னா."

"உள்ள வரான்."

"வராம? திறந்துட்டு வெளியிலயேவா நிப்பான்?"

குர்காவ்னிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த ரோஹிணி ரிமோட்டை வாங்கி எதையோ அழுத்தினாள். "அப்பா, பார்வை இல்லாதவாளுக்குன்னு இதுல காமென்ட்ரி இருக்கு. ஆன் பண்ணிட்டேன். அச்சா? நோ டென்ஷன்." அன்று மாலை ஓர் ஆண் குரல் ஹிந்தியில், நிறுத்தி நிதானமாக, அவள் சிரிக்கிறாள், அவன் முகம் வாடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தது. விஜயலக்ஷ்மி ஐந்து நிமிடம் பொறுத்தாள். "யாரோ ஒருத்தன் நம்மாத்து ஹால்ல உக்காந்துண்டு அவ சிரிக்கறாங்கறான். சிரிச்சா எனக்குக் கேக்காதா? அவனைப் போகச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகுதான் இந்த நோட்டு. கண்ணை மூடிக்கொண்டு கதை புரிகிறதா என்று தானே சோதித்துத் தேர்ந்தெடுப்பது. பார்க்கப் பார்க்க வேதாந்தத்துக்கு ஆத்திரம் வந்தது. ஒரு தொடரில் காதலர்கள் பேசுவதே இல்லை, எல்லாம் கைப்பேசிச் செய்தி. திரையில் எழுத்தாக ஓடுகிறது. கொரியத் தொடருக்குக் கீழே வரி படிக்க வேண்டும். ஒரு தமிழ்த் தொடரில் நான்கு அண்ணன் தம்பிகளுக்கும் தொண்டை கட்டிய ஒரே குரல். செத்தது யார் என்று கண்ணைத் திறந்துதான் தெரிந்துகொண்டார். "பார்க்கறவனுக்கு மட்டும்தான் கதையா? இதுக்கும் மாசாமாசம் சந்தா!" என்று காலி அறையில் கத்தினார். பக்கத்து அறையில் ரேடியோ சத்தம் ஒரு கணம் குறைந்தது.

முப்பத்தொன்றாவது தொடர் தேறியது. நீதிமன்றக் கதை. எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முழு வாக்கியத்தில், தெளிவாகப் பேசினார்கள். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். மாலை ஏழு மணிக்கு மனைவியை உட்காரவைத்து, ரிமோட்டை அழுத்தி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது நிமிடம் அவள் எழுந்தாள்.

"விஜி!" அவர் நோட்டைக் கையில் எடுத்தார். "முப்பத்தோரு தொடர் பாத்து இதுல எழுதி வெச்சிருக்கேன். கண்ணை மூடிண்டு பாத்தேன், தெரியுமா?"

அவள் நின்றாள். "கண்ணை மூடிண்டா? எதுக்கு?"

"உனக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான்."

அவர் இருக்கும் பக்கம் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஓரக் கண்ணில்தான் அவளுக்கு அவர் கிடைப்பார். பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு டிவியைக் காதால பாக்கத் தெரியாதுன்னு யார் சொன்னா? முன்னாடி இருந்தோமே, மோதி பாக் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ், அங்க டிவி எங்க இருந்தது?"

"ஹால்ல."

"நான் எங்க இருந்தேன்?"

வேதாந்தத்துக்கு ஹால் நன்றாக நினைவிருந்தது. சோபாவில் அவர், அவருடைய அப்பா, ஆபீஸ் நண்பர் ராமமூர்த்தி, தரையில் குழந்தைகள். கையில் காப்பி டம்ளர்கள். டம்ளர்கள் எப்படி வந்தன என்று யோசித்தபோதுதான் அந்தப் படத்தில் அவள் இல்லை என்பது தெரிந்தது.

"இருபத்தெட்டு வருஷம் அந்தச் சுவருக்குப் பின்னாடி நின்னு சப்பாத்தி இட்டுண்டே கேட்டேன்" என்றாள் விஜயலக்ஷ்மி. "ஒரு கதை விடல. யார் நிஜமா அழறா, யார் வேஷம் போடறான்னு குக்கர் சத்தத்துக்கு நடுவுல சொல்லுவேன். நீங்கள்ளாம் மூஞ்சியைப் பாத்து ஏமாந்து போவேள்."

"அப்போ ஏன் எழுந்து எழுந்து போறே?"

"நீங்கதான் தொடரைப் பாக்காம என்னையே பாத்துண்டிருக்கேளே. புரியறதா, சிரிக்கறாளான்னு. பரீட்சை ஹால்ல உக்காந்தாப்பல இருக்கு." சற்று நிறுத்தி, "இந்த வக்கீல் கதையும் வேண்டாம். நிஜத்துல யார் இப்படி முழுசு முழுசாப் பேசறா? வேண்டாம்னு எழுதி வெச்சேளே, அதையெல்லாம் படியுங்கோ."

அவர் கூச்சத்தோடு படித்துக்கொண்டு வந்தார். பதினேழாவதில் நிறுத்தச் சொன்னாள். 'கூட்டுக் குடும்பம். ஐந்து பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். ஓயாத பாத்திரச் சத்தம். நிராகரிக்கப்படுகிறது.'

"அதைப் போடுங்கோ."

போட்டார். கூச்சல், கரண்டி, கதவு, யாரோ இருமல். அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. விஜயலக்ஷ்மி கால்களை மேலே மடக்கி வைத்துக்கொண்டு சோபாவில் நன்றாகச் சாய்ந்தாள். பத்து நிமிடம் தாண்டியது, இருபதும் தாண்டியது. உள்ளே பருப்புக்கு வைத்த குக்கர் கூப்பிட்டது. பழக்கத்தில் அவள் உடம்பு எழுந்தது.

"நீ உக்காரு" என்று வேதாந்தம் எழுந்து போனார்.

அடுப்பை அணைத்தார். பாதியில் கிடந்த பீன்ஸை எடுத்துக் குழாயடியில் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சல் மட்டும் வந்தது.

"விஜி, என்ன ஆச்சு? யாரு அது?"

"சின்ன மருமக. சாவிக்கொத்தை சமையல் மேடை மேல வெச்சுட்டா. செருப்பு போட்டுண்டாச்சு."

"அவ ஒண்ணும் பேசலியே!"

"பேசுவாளா? இத்தனை நாள் பேசினதை யார் கேட்டா?"

"போயிடுவாளா?"

"ஷ்! கேளுங்கோ."

வேதாந்தம் குழாயை மூடிவிட்டு, சொட்டும் பீன்ஸைக் கையில் பிடித்தபடி, சுவரோடு காதை வைத்தார்.