வெள்ளத்தில் போன வள்ளி

என் மகள் வள்ளிக்குச் செருப்பென்றாலே ஆகாது. கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரித் தெருக்களில் கண்ணாடிச் சில்லு கிடந்தாலும் வெறுங்காலோடுதான் நடப்பாள். பயந்துபோன நான், மெல்லிய ரப்பர் அடியும் கணுக்காலில் கட்டும் கயிறும் மட்டும் உள்ள செருப்பு ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினேன். "போட்ட மாதிரியே இல்லம்மா!" என்று குதித்தாள்.

சென்ற மாதம் எர்ணாகுளம் போகப் படகுத்துறையில் சீட்டு வாங்க நின்றேன். வள்ளி முன்னால் போய்விட்டாள். திடீரென்று ஒருவர், "அய்யோ, வள்ளி வெள்ளத்தில் போயி!" என்று கத்தினார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். "என் வள்ளியைத் தூக்குங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினேன்.

அவர் என்னைப் பார்த்து, "கரயல்லே சேச்சி, கடையில் வேறெ வள்ளி கிட்டும்" என்றார். அழாதே அக்கா, கடையில் வேறு வள்ளி கிடைக்குமாம்! பெற்ற பிள்ளையைக் கடையிலா வாங்குவார்கள்!

அப்போது அவர் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "நான் இல்லம்மா, செருப்போட வள்ளி! படகில ஏறும்போது அறுந்து தண்ணியில விழுந்துடுச்சு!" செருப்புக் கயிற்றையும் இங்கே வள்ளி என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடம் கொச்சியில் இருந்தும் அந்த நொடியில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. விஷயம் தெரிந்து துறையே சிரித்தது. அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் படகில் ஏறும் முன்பே செருப்பைக் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஏகக் கொண்டாட்டம். உட்காரும்வரை அவள் கையை மட்டும் நான் விடுவதில்லை.